ஆறு மணிக்கு அடிக்காத மணி

மாலை ஆறு மணி. எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம், அடைமழை பிடித்துக்கொண்ட சமயம். அடையாற்றில், ஆற்றங்கரையிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த தெருவில், நான் குடியிருந்த கீழ்ப் போர்ஷனில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரேடியோவில் ஆறு மணி நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. ஆனால் ஆறு மணிக்கு அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை.

ஒரு மணி அடிக்காததில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த வாரம் அந்த மணியை அடிக்கும் முறை என் மகனுடையது. அவன் எனக்கு ஒரே பிள்ளை.

அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என் கணவர் காலமாகிவிட்டார். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து அவனை வளர்த்தேன். பி.காம். முடித்தான், பாங்கில் வேலையும் கிடைத்தது. பெண் பார்க்கலாம் என்று நான் வாயெடுத்த வாரம், ஆற்றங்கரையிலிருக்கும் பெனடிக்ட் சபை மடத்தில் சேரப்போகிறேன் என்றான். நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள்தாம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவது வேறு, பெற்ற பிள்ளையைக் கொடுப்பது வேறு. அழுதேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்து பார்த்தேன். அவன் போய்விட்டான்.

நவசந்நியாசத்தில், அதாவது துறவறப் பயிற்சியில், இருப்பவர்களை மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் பார்க்கலாம். வாசலை ஒட்டிய பார்வையாளர் அறையில் எதிரெதிரே உட்காருவோம். கைகளை வெள்ளை அங்கிக்குள் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கேம்மா", "சாப்பிடறேம்மா" என்று இரண்டு வார்த்தை பேசுவான். அந்த அறையின் மறுகோடியில் ஒரு பழுப்பு நிறக் கதவு. அதற்கு அப்பால் உள்கட்டு. பெண்கள் அங்கே போகக் கூடாது, தாயாக இருந்தாலும். அவன் எந்தக் கட்டிலில் படுக்கிறான், எந்த ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது என்று எனக்குத் தெரியாது. மழைக்காலத்துக்கென்று அவனுக்கு ஒரு நல்ல குடை வாங்கிக் கொடுத்தேன். மறுவாரமே அதைப் பிடித்துக்கொண்டு வேறொரு பிரதர் கடைவீதியில் நடந்து போனார். அங்கே யாருக்கும் எதுவும் சொந்தமில்லையாம். வீட்டுக்கு வந்து அந்தக் குடைக்காக அழுதேன்.

பிறகுதான் மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பாலம் தாண்டி இங்கே குடிவந்தேன். தோழிகள் காரணம் கேட்டபோது தண்ணீர் வசதி என்று சொன்னேன். உண்மையான காரணம் மடத்து மணி. விடியற்காலையில் தொடங்கி ஒரு நாளில் பலமுறை ஜெபத்துக்கு அழைக்கும் மணி அது. துறவிகள் வாரத்துக்கு ஒருவராக முறை வைத்து அடிப்பார்கள். என் மகன் சிறுவயதில் வீட்டுக் கதவைத் தட்டுவதில் ஒரு விதம் உண்டு: ஒரு தட்டு, சின்ன இடைவெளி, பிறகு சேர்ந்தாற்போல இரண்டு தட்டு. குடிவந்த சில வாரங்களில் ஒரு நாள் மணி அதே மாதிரி கேட்டது. கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து அவன் முறை வரும் வாரங்கள்தாம் எனக்குப் பண்டிகை.

அன்றும் அப்படிக் காத்துக்கொண்டுதான் அரிசி களைந்தேன். மணி வரவில்லை. மழைச் சத்தத்தில் கேட்காமல் போயிருக்கும் என்று வாசலுக்கு வந்து நின்றேன். மாடிப்படியில் வீட்டுக்கார அம்மாள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏன் டீச்சர், உங்க பிள்ளை இன்னிக்கு மணி அடிக்க மறந்துட்டானா? அவன் அடிச்சாத்தான் நேக்கு ஆத்துல விளக்கேத்தற நேரம். எங்காத்துக்காரர் வேற, இன்னும் மணியே ஆகலையேன்னு காபிக்கு உக்காந்துண்டிருக்கார்" என்றார்கள்.

அவர்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். ஆனால் எனக்குத் தெரியும்: அந்த மடத்தில் காய்ச்சல் வந்தவன்கூட எழுந்து வந்து மணி அடிப்பான். மின்சாரம் போனாலும், புயல் அடித்தாலும் மணி நின்றதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, புடைவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினேன். "இருங்கோ, இவரைத் துணைக்கு அனுப்பறேன்" என்று அவர்கள் சொன்னது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

தெருக்கோடியிலேயே முழங்கால் அளவு தண்ணீர். மேலே ஏரிகள் நிரம்பி ஆறு கரை தாண்டிவிட்டது என்று எதிரே வந்தவர்கள் சொன்னார்கள். தெருவிளக்கு எதுவும் எரியவில்லை. மடத்து வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதவைத் தட்டுவது யார் என்று பார்க்கும் முன்பே, உள்ளிருக்கும் வாசல்காப்பவர் "இறைவனுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுத்தான் திறப்பார். பிச்சைக்காரர் தட்டினாலும் அதேதான், கலெக்டர் தட்டினாலும் அதேதான். அன்றும் அந்தக் குரல் வந்தது. திறந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து வயதான பிரதர். முந்தின வாரம் தோட்டத்தில் வழுக்கி விழுந்து, வலது கையைத் தூளிபோலத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இடது கையில் அரிக்கேன் விளக்கு.

"வாங்க தாயி. நனைஞ்சிட்டியளே" என்றார்.

"என் பையன் எங்கே? மணி ஏன் அடிக்கலை?"

"எல்லாரும் குப்பத்துக்குப் போயிருக்காவ. குடிசைக்குள்ள தண்ணி வந்துட்டு. உங்க பையனும்தான் போயிருக்கான்."

ஆற்றோரக் குப்பத்துக்கும் மடத்துக்கும் நெடுநாள் உறவு. காலையில் மடத்து வாசலில் மருந்து கொடுப்பார்கள். மடத்துப் பசுக்களின் பால் குப்பத்துக் குழந்தைகளுக்குப் போகும். மாலையில் இளைய துறவிகள் அங்கே பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அப்போது என் மனத்தில் இருந்தது ஒன்றுதான். என் மகனுக்கு நீந்தத் தெரியாது.

சட்டென்று ஒரு யோசனை வந்தது. மணி கேட்டால், எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வர வேண்டும் என்பது அந்த மடத்து ஒழுங்கு. பார்வையாளர் அறையில் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால், சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை முடிக்காமலே அவன் எழுந்து போயிருக்கிறான். எத்தனையோ முறை அந்த மணியை மனத்துக்குள் சபித்திருக்கிறேன்.

"பிரதர், மணியை அடிங்க. கேட்டா அவன் வந்துடுவான். எங்கே இருந்தாலும் வந்துடுவான்" என்றேன்.

அவர் விளக்கைச் சற்று உயர்த்தி என் முகத்தைப் பார்த்தார்.

"அதனாலதான் தாயி அடிக்கல. பெரிய சாமி போகும்போதே சொல்லிட்டுப் போனாவ, மணி அடிக்கப்படாதுன்னு. மணி கேட்டா எங்களுக்குக் கை தன்னால வேலைய விட்டுரும். வருசக்கணக்கா பழகின கை. அந்தக் கையில இன்னைக்கிப் பச்சப் பிள்ளையள்லா இருக்கு?"

பெரிய சாமி என்று அவர் சொன்னது மடத்துத் தலைவரை; அவர் சொல்லை அங்கே யாரும் மீறுவதில்லை. அப்படியும் கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை அடியுங்கள், என் பிள்ளை மட்டும் வரட்டும் என்றுகூடச் சொன்னேன். பிரதர் கோபிக்கவில்லை. "கஞ்சி கொதிக்கி. கிண்ட ஆளில்ல. எனக்கு ஒரு கைதான் இருக்கு" என்றார்.

விருந்தினர் கூடத்துக் கொல்லையில் பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. துடுப்பை வாங்கிக் கிண்டினேன். அழுதுகொண்டேதான் கிண்டினேன்.

அதற்குள் வாசல் கதவு தட்டப்பட ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் "இறைவனுக்கு நன்றி" என்று குரல் எழும். உள்ளே வருபவர்கள் சேறும் ஈரமுமாக நிற்பார்கள். தலையில் பாத்திரம், இடுப்பில் குழந்தை, ஒருவர் கையில் நனைந்துபோன சாமி படம். கூடம் நிறைந்தது. துறவிகளும் இரண்டு பேர், மூன்று பேராக ஆட்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பவும் ஓடினார்கள். ஒவ்வொரு வெள்ளை அங்கி உள்ளே நுழையும்போதும் துடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். யாரும் அவனில்லை.

கஞ்சி வாங்க வந்தவர்களில் குப்பத்தில் இட்லி விற்கும் ஓர் அம்மாள் என்னையே உற்றுப் பார்த்தார்.

"இன்னாமா, நீ சின்ன சாமியோட அம்மாவா? மூக்கு அப்டியே கீதே!"

ஆமாம் என்றேன். சின்ன சாமி என்று அவர்கள் சொல்வது என் மகனைத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கணக்கு டீச்சராமே நீ? எங்க புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தரும்போது உன் பேச்சுதான். தப்புப் போட்டா எங்கம்மா திட்டாது, சிரிக்கும், அந்தச் சிரிப்புக்கு பயந்தே நான் பாஸ் ஆய்ட்டேன்னு சொல்லும். நீ மீன் கொழம்பு வெச்சா தெருக்கோடி வரைக்கும் வாசன வருமாமே? நான்கூட, அவ்ளோ நல்ல கொழம்ப வுட்டுட்டு இங்க வந்து இன்னா நைனா பண்ற நீன்னு கிண்டல் பண்ணுவேன்."

"அதுக்கு என்ன சொல்வான்?"

"ஒண்ணும் சொல்லாது. சிரிச்சுகினே போய்டும். ஆனா மூஞ்சி மட்டும் ஒரு மாதிரியா ஆய்டும்."

பார்வையாளர் அறையில் "நல்லா இருக்கேம்மா" என்பதற்கு மேல் பேசாதவன், குப்பத்து வாசலில் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசியிருக்கிறான். பழைய சட்டையோடு என்னையும் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டான் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

"அவனைப் பார்த்தீங்களா? எங்கே இருக்கான்?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "கடேசி வரிசைல ஒரு கெய்வி கீதும்மா. ஆட்ட வுட்டுட்டு வரமாட்டேன்னு அடம் புட்ச்சுகினு ஒக்காந்துச்சு. நாங்க கத்திப் பார்த்துட்டு வந்துட்டோம். சின்ன சாமிதான், நீங்க போங்க, நான் இட்டுகினு வரேன்னு திரும்பிப் போச்சு. அப்பால பாக்கல."

அப்பால பாக்கல. அந்த வார்த்தையோடு நான் அண்டாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நன்றாக இருட்டிவிட்டது. பெரிய சாமியும் மற்றத் துறவிகளும் திரும்பி வந்தார்கள். பெரிய சாமி அங்கியைப் பிழியக்கூடச் செய்யாமல் தம் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் எதுவும் சொல்லும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் ஒளிக்காமல் சொன்னார். குப்பத்துப் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கடைசி வரிசைக்குப் போக வழியில்லை. அவர்கள் மேட்டுப்பக்கம் ஏறியிருந்தால் மடத்துத் தோட்டத்தின் பின்புறமாக வர முடியும். ஆனால் அந்தப் பக்கம் முழுக்கக் கருவேலம் புதர். இருட்டில் ஆறு எது, கரை எது என்று தெரியாது. "நாங்க புதர்ப் பக்கம் தேடப் போறோம்மா" என்றவர், வயதான பிரதரிடம் திரும்பி, "இப்ப அடிங்க. விடாம அடிங்க. இனி நம்ம கையில பிள்ளைங்க யாரும் இல்லை. அவனுக்குத் திசை தெரியட்டும்" என்றார். நடக்க முடிந்த ஆண்கள் எல்லாரும் அவரோடு போய்விட்டார்கள்.

வயதான பிரதர் தம் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ரெண்டு கை வேல தாயி. வாங்க."

நேரே அந்தப் பழுப்புக் கதவுக்குப் போனார். "பெண்கள் வரக் கூடாதே பிரதர்" என்றேன். அத்தனை நாள் அந்தக் கதவை உடைத்துக்கொண்டு போகலாமா என்று நினைத்தவள், அன்று வாசற்படியில் தயங்கி நின்றேன்.

"வரப்படாதுதான். அதுக்கான ஏச்ச நான் வாங்கிக்கிடுதேன். நீங்க வாங்க" என்று கதவைத் தோளால் தள்ளினார்.

நீளமான நடை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். இதில் எது அவனுடையது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. சாப்பாட்டு அறையில் தட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நடையின் முடிவில் ஆணிகளில் குடைகள் தொங்கின. நான் வாங்கிக் கொடுத்த குடையும் அதில் இருந்தது. அதை ஒட்டி, கூரையிலிருந்து இறங்கி வந்த ஒரு தடித்த கயிறு. அன்றுவரை நான் காதால் மட்டும் அறிந்திருந்ததைக் கையால் தொட்டேன். அவன் கை பிடித்துப் பிடித்து, ஓர் இடத்தில் வழவழப்பாக இருந்தது. அவன் கை மட்டுமில்லை, எத்தனையோ பேருடையது. எனக்கு அப்போது அவன் கைதான்.

முதல் இழுப்பில் சத்தமே வரவில்லை. "தொங்கணும் தாயி, வெறுமன இழுக்கப்படாது" என்றார் பிரதர். உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் தொங்கினேன். தலைக்கு மேலே மணி அதிர்ந்தது. எப்படி அடிப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓர் அடி. சின்ன இடைவெளி. பிறகு சேர்ந்தாற்போல இரண்டு. அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியதுபோல, அன்று நான் அவனைத் தட்டினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளங்கை இரண்டும் எரிந்தன. பிரதர் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி தோட்டத்துக் கதவைத் திறந்துவைத்து நின்றார். ஜெபம் எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. ஓர் அடி, இடைவெளி, இரண்டு அடி. திரும்பத் திரும்ப அதுதான் என் ஜெபம். அவன் வந்தால் போதும், இந்த மடத்திலேயே இருக்கட்டும், மாதத்தில் ஒரு ஞாயிறு பார்த்தால் போதும், பார்க்காவிட்டால்கூட மணி கேட்டால் போதும் என்று, முன்பு எதற்கெல்லாம் சண்டை போட்டேனோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தேன்.

தோட்டத்துப் பக்கம் ஏதோ கத்தியது.

"இறைவனுக்கு நன்றி" என்றார் பிரதர், வருவது யார் என்று பார்க்காமலே.

முதலில் உள்ளே வந்தது ஆடு. கழுத்தில் கட்டிய கயிறு பின்னால் நீண்டிருந்தது. அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என் மகன். அவன் முதுகில், பழந்துணி மூட்டைபோல ஒரு கிழவி. நெற்றியில் முள் கீறி ரத்தம் வழிந்திருந்தது. வெள்ளை அங்கி இடுப்புவரை சேறு.

மணி அடித்த பிறகு ஜெபத்துக்குத் தாமதமாக வருபவர்கள், எல்லார் முன்னாலும் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. உயிர் பிழைத்து வந்த என் பிள்ளை, மணி அடிக்கும் கை யாருடையது என்றுகூடப் பார்க்காமல், கிழவியை முதுகில் சுமந்தபடியே அந்த நடையில் முழந்தாளிட்டான். தலையைக் குனிந்துகொண்டு, "தாமதமாயிடுச்சு பிரதர், மன்னிச்சிருங்க" என்றான்.

நான் கயிற்றை விட்டேன். மேலே மணி தானாக இன்னும் ஒரு முறை ஒலித்து நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்தான். முதலில் நம்பாதவன்போலப் பார்த்தான். பிறகு, சின்னப் பிள்ளையில் நான் அவனுடைய வகுப்புக்குள் திடீரென்று நுழைந்தால் பதறுவானே, அதே பதற்றம்.

"அம்மா... நீங்க இங்க வரக் கூடாதேம்மா!"

எரியும் உள்ளங்கைகளைப் புடைவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு நின்றேன். ஆடு குடைகளின் பக்கம் போய் என் குடையை முகர்ந்து பார்த்தது. அவன் முதுகிலிருந்த கிழவிதான் மெல்லத் தலையைத் தூக்கி, என்னை ஒரு தடவை, அவனை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நல்லாக் கீது நைனா உங்க நாயம். என் ஆடு வரலாம், உன்னப் பெத்தவ வரக் கூடாதா?"

அவன் இப்போது சபையின் வேறொரு மடத்தில், வேறோர் ஊரில் இருக்கிறான். இங்கே ஆறு மணிக்கு யாரோ அடிக்கிறார்கள், வீட்டுக்கார அம்மாளும் விளக்கேற்றுகிறார்கள். மழை பிடித்த மாலைகளில் மட்டும், அந்த மணி அடித்து ஓயும்வரை என்னால் எந்தப் பாத்திரத்தையும் கையில் எடுக்க முடிவதில்லை.